ஒரு தடவை ‘முடியாது’ன்னு சொல்லுங்க

புற்றுநோய் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் போய் “மிச்சக்காரி எங்கே?” என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். “இப்பத்தான் முக்காலியைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனாங்க” என்று கை காட்டுவார்கள். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் அவளுடைய நாத்தனார். மட்டம் தட்டத்தான் வைத்தார். அதை வேலை செய்யும் இடத்தில் தன் வாயாலேயே பரப்பியவள் இவள். குத்த வந்த ஊசியைப் பிடுங்கித் தன் பொத்தானைத் தைத்துக்கொள்கிற ரகம்.

பெயரில் பொய் ஒன்றும் இல்லை. மிச்சம் கேட்பதுதான் அவள் வேலை. அறுவை சிகிச்சையில் கட்டியை எடுக்கிறார்கள். என்ன நோய், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டிய பகுதி பரிசோதனைக்குப் போகிறது. அது போக மிஞ்சுகிற துண்டை எரித்துவிடுவார்கள். எரிக்கப்போகிற அந்தத் துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று நோயாளியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். தந்தால் அது திசு வங்கிக்கு வரும். வங்கி என்றதும் பளிங்குத் தரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். தரைத்தளத்தில் ஒரு நீள அறை, ஓயாமல் உறுமுகிற ஆள் உயர ஃப்ரீசர்கள், ஒரு நுண்ணோக்கி, ‘உள்ளே தேநீர் கொண்டுவரக் கூடாது’ என்று ஓர் அட்டை, அந்த அட்டையைப் படித்துக்கொண்டே வாசலில் நின்று தேநீர் குடிக்கிற நாலு பேர். அவ்வளவுதான் வங்கி.

முதலில் அவள் கீழே விசாரணை மேசையில் இருந்தாள். எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வழி கேட்க வருகிறவர்கள் அவளிடம் தங்கள் பாட்டன் பூட்டன் கதைவரை சொல்லிவிட்டுப் போவதைத் திசு வங்கியின் தலைவர் தினமும் பார்த்தார். இந்தத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பூட்டு டாக்டர். ஒவ்வொரு ஃப்ரீசருக்கும் ஒரு பூட்டு, எல்லாச் சாவியும் அவர் கழுத்தில். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, “நோயாளிகள்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும். கேக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். பேசத் தெரிஞ்ச ஆள் வேண்டாம்” என்றார்.

“ரெண்டும் எனக்கு நல்லா வரும் சார்” என்றாள் இவள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் வேலையைக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் கேட்ட இடமெல்லாம் ‘சரி’தான். ஒருவர்கூட மறுக்கவில்லை. இவளுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் இத்தனை நல்லவர்களா என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அப்புறம் ஒரு நாள், சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவர், இவள் கதவைத் தாண்டியதும் நர்ஸிடம் மெல்ல விசாரித்தது காதில் விழுந்தது. “நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா ஆபரேஷன் பண்ண மாட்டேன்னுட்டிருப்பாங்களாம்மா?”

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மருத்துவமனைக்குள் வந்துவிட்டால் மனிதர்கள் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிப் பழகிவிடுகிறார்கள். இங்கே படு என்றால் சரி, அங்கே திரும்பு என்றால் சரி, மூச்சை இழுத்துப் பிடி என்றால் சரி. அந்த வரிசையில் இவள் கேட்டதற்கும் ஒரு சரி. அதுவா சம்மதம்? மறுநாளே பெரியவரிடம் போய் மறுபடி முதலிலிருந்து விளக்கினாள். அதோடு தன் வேலை முறையையே தலைகீழாக மாற்றினாள்.

முதலில் ஒரு மடக்கு முக்காலி வாங்கினாள். படுத்திருக்கிறவர் தலைக்குமேல் நின்று கேட்டால் அது கேள்வி ஆகாது, உத்தரவு ஆகிவிடும் என்பது அவள் கட்சி. முக்காலியைக் கட்டிலோரம் போட்டு, நோயாளியின் முகத்துக்குக் கீழே தன் முகம் வருகிற மாதிரி உட்காருவாள். உட்கார்ந்ததும் சொல்வாள்: “நான் ஒண்ணு கேக்க வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை ‘முடியாது’ன்னு சொல்லுங்க.”

“எதுக்கும்மா?”

“சும்மா. சொல்லிப் பழகத்தான். இந்தக் கட்டடத்துல அந்த வார்த்தை சீக்கிரம் துருப்பிடிச்சுடும்.”

நோயாளி தயங்கித் தயங்கி ‘முடியாது’ என்பார். “காது கேக்கலை” என்பாள் இவள். ஒருமுறை பள்ளிக்கூடக் காவலாளி ஒருவர் பழக்க தோஷத்தில் கேட்டைச் சாத்துகிற குரலில் “முடியாது!” என்று போட்ட போட்டில் நர்ஸ்கள் மூன்று அறை தள்ளியிருந்து ஓடி வந்துவிட்டார்கள். எல்லாரும் சிரித்து முடித்தபிறகுதான் விஷயத்துக்கே வருவாள். மிஞ்சியதை மட்டும்தான் எடுப்போம். தராவிட்டால் வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது. தந்தாலும் உங்களுக்கு நேரடியாக ஒரு பலனும் கிடைக்காது, வேறு யாருக்கோ என்றைக்கோ உதவலாம். கடைசி வாக்கியத்தை ஒருநாளும் அவள் விட்டதில்லை. முடியாது என்றவரிடம் இரண்டாவது தடவை போனதும் இல்லை.

இப்போது சிலர் நிஜமாகவே முடியாது என்றார்கள். அதைக் கேட்டால் அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த முடியாதுகள் இருப்பதால்தானே மற்றவர்கள் சொன்ன சரிக்கு மதிப்பு.

இனி நாத்தனாரிடம் வருவோம். தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். கணவர் காலமானபின் அந்தக் கடையும் மாடியில் ஓர் அறையும்தான் அவர் உலகம். தைத்து மிஞ்சிய துணியை, விரல் அகலத் துண்டானாலும், சுருட்டி உடையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். “மிச்சம் யாரோடதோ அவங்களுக்குத்தான்” என்பது அவர் கொள்கை. மிச்சத்தைக் கேட்டு வாங்குவதே ஓர் உத்தியோகம் என்று தம்பி மனைவி வந்து சொன்னபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? “ஊர் மிச்சத்தையெல்லாம் வாரிக் கட்டி என்னடி பண்ணப் போறே, மிச்சக்காரி?” என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் பகை அதற்கும் முன்பே ஆரம்பித்தது. கல்யாணமான புதிதில், மாமியார் இறந்தபிறகு, வீட்டுக்கு வெள்ளை அடிக்கையில் ஒரு மூலையில் கிடந்த மாமியாரின் பழைய தையல் மெஷினை இவள் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டாள். அந்த மெஷினில்தான் நாத்தனார் தொழில் கற்றவர். ஓடிவந்து, “என்னை ஒரு வார்த்தை கேட்டியா?” என்றார். இவளும் இளரத்தம். “ஓடாத மெஷினுக்கு என்ன கேள்வி?” என்றுவிட்டாள்.

போயிற்று. அதிலிருந்து நாத்தனார் வாயில் இவளுக்கு ஒரே பதில்தான். ஒருவாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் அண்ணி என்றால், முடியாது. மழை பெய்கிறது, இருந்து போங்கள் என்றால், முடியாது. குடையாவது? முடியாது. நனைந்துகொண்டே போவார். நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவர் மிச்சக்காரியின் வீட்டுக்காரர். அவர் பஸ் ஓட்டுநர். எந்த நெரிசலிலும் வண்டியைக் கீறல் இல்லாமல் கொண்டுவந்துவிடுவார், இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே மட்டும் ஸ்டியரிங் பிடிக்க அவருக்கு வரவில்லை.

தன் அக்கா நொண்டி நடப்பதை முதலில் கவனித்தவரும் அவர்தான். தொடையில் ஒரு வீக்கம். மெஷின் மிதித்து மிதித்து வந்திருக்கும் என்று நாத்தனார் தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறார். தம்பி பிடிவாதமாக அழைத்துக்கொண்டு வந்தார். படம் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சோதித்தார்கள். சர்ஜன் இவர்களை உட்காரவைத்து நேராகவே சொன்னார்.

“ரொம்ப அபூர்வமான கட்டி. முழுசா எடுத்துடலாம், கால் நல்லா இருக்கும். ஆனா இந்த வகைக்குத் திரும்பி வர்ற குணம் உண்டு. நுரையீரல்ல வரும். அப்படி வந்தா குடுக்கிறதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா.”

“ஏன் இல்ல?” என்றார் நாத்தனார், துணி தட்டுப்பாடு என்று கேள்விப்பட்ட குரலில்.

ஏன் இல்லை என்பது மிச்சக்காரிக்குத் தெரியும். அபூர்வம் என்பதால்தான். இந்த ஆஸ்பத்திரிக்கு எப்போதோ ஒன்று வரும், அடுத்த ஊருக்கு எப்போதோ ஒன்று. அவரவர் ஃப்ரீசரில் அவரவர் துண்டு உறைந்து கிடக்கும். மருந்தைப் போட்டுப் பார்க்க உறைந்த துண்டு போதாது, உயிருள்ள செல்கள் வேண்டும். அவற்றைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப் பூட்டு டாக்டரும் பார்த்துவிட்டார், தெரிந்த மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வாடிப்போயின.

அவள் மாடிப்படியில் இறங்கிப் பூட்டு டாக்டரிடம் ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “சூடு ஆறாம வந்தா இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். ஆனா நீங்க கேக்கக் கூடாது.”

“தெரியும் சார்.”

தெரியாமல் என்ன? சொந்தக்காரர் சொந்தக்காரரைக் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்டால் மறுக்க முடியாமல் போய்விடும். அந்த விதி எழுதப்பட்டபோது கூட இருந்து “இன்னும் கண்டிப்பா எழுதுங்க” என்று சொன்னவளே அவள்தான். இப்போது அந்த விதி அவள் வாயிலேயே பூட்டாக விழுந்தது.

எனவே புதுசு போனாள். புதுசு என்பது மிச்சக்காரியோடு வேலை செய்கிற பெண். வந்து பல வருடம் ஆகிவிட்டது, இன்னும் புதுசுதான். முக்காலியை இரவல் வாங்கிக்கொண்டு போய், கட்டிலோரம் உட்கார்ந்து, முறைப்படி ஆரம்பித்தாள். “அம்மா, நான் ஒண்ணு கேக்க வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி—”

“முடியாது” என்றார் நாத்தனார்.

புதுசுக்கு ஒரே சந்தோஷம். “அருமை! இவ்வளவு தெளிவா யாருமே சொன்னதில்ல. இப்ப பழகியாச்சு. இனிமே நான் நிஜமாக் கேக்கறேன்” என்று தொடங்கி எல்லாவற்றையும் விளக்கி முடித்தாள்.

“நான் முதல்ல சொன்னதே நிஜமாத்தான்” என்றார் நாத்தனார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புதுசு முக்காலியை மடக்கிக்கொண்டு திரும்பி வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே மிச்சக்காரிக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. முடியாது என்றால் முடியாதுதான். இத்தனை காலம் ஊரார் சொன்ன முடியாதுக்கெல்லாம் தலைவணங்கிவிட்டுத் தன் வீட்டு முடியாதை மட்டும் மிதித்துவிட்டுப் போக அவளால் ஆகாது. வீட்டுக்காரர் சாப்பிடும்போது மெல்ல, “நீ ஒரு வார்த்தை சொன்னா அக்கா ஒருவேளை…” என்று இழுத்தார்.

“நான் வாயைத் தொறக்கக் கூடாது. நீங்களும்தான்” என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாத்தனாரை அவளுக்குப் பிடிக்காது என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் இல்லாத வீட்டு வாசலை நினைத்துப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. முடியாது என்று சொல்லவாவது அவர் வர வேண்டுமே.

அறுவை சிகிச்சைக்கு முதல்நாள் மாற்றுத் துணியும் சீப்பும் எடுத்துக்கொண்டு, உறவுக்காரியாக மட்டும், வார்டுக்குப் போனாள். நின்றுகொண்டே பையைப் பிரித்தாள். நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கே உன் முக்காலி?”

“இன்னைக்கு வேலையா வரலை அண்ணி.”

“அதானே. ஊர்ல இருக்கிறவன் போறவனையெல்லாம் முக்காலி போட்டு உக்காந்து கேப்பே. எனக்கு மட்டும் ஆள் அனுப்புவே. அன்னைக்கு எங்கம்மா மெஷினுக்கும் கேக்கலை. இன்னைக்கு என் கட்டிக்கும் கேக்கலை. அவ்வளவுதான் நான்.”

மிச்சக்காரி சீப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். அட, இதுவா விஷயம்! கட்டியைத் தரக் கூடாது என்பதில்லை. வீட்டு மனுஷி நேரில் வந்து கேட்கவில்லை என்ற தாங்கல்.

“அண்ணி, நான் உங்களைக் கேக்கக் கூடாது. அது விதி. இப்பவும் கேக்கலை. ஏன் கேக்கலைன்னு மட்டும் சொல்லலாமா?”

“சொல்லு.”

“சொந்தக்காரங்க கேட்டா மறுக்க முடியாதாம். சங்கடப்பட்டுக்கிட்டு, மனசு இல்லாமலே சரின்னு சொல்லிடுவாங்களாம். அதனாலதான்.”

நாத்தனாரின் தோள்கள் குலுங்கின. எதிர்க் கட்டில்காரம்மா என்னவோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்தாள்.

“நானா? உனக்கு ‘முடியாது’ன்னு சொல்ல என்னால முடியாதாமா? இத்தனை வருஷமா வேற என்னடி சொல்லிட்டிருக்கேன்? அந்த விதியை எழுதினவங்களை ஒருநாள் நம்ம வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லு!” சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. மிச்சக்காரிக்கும் வந்தது, சிரிப்பினால் மட்டும் அல்ல.

“அந்தச் சின்னப் பொண்ணைக் கூப்பிடு. நானே கூப்பிடறேன்னு சொல்லு.”

“கூப்பிடறேன். ஆனா நான் வெளிய போயிடறேன். அவ முதல்லேருந்து கேப்பா. உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க.”

“போ, போ. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு வேற பதிலே வராது.”

கதவுக்கு வெளியே மிச்சக்காரி ஒற்றைக் காலில் நிற்காத குறையாக நின்றாள். வெளியே வந்த புதுசின் முகம் பாதி மலர்ந்திருந்தது. சரி என்றுவிட்டாராம், ஆனால் பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம். பூட்டு டாக்டர் சாவிக்கொத்து குலுங்க மேலே வந்தார். நாத்தனாரின் கண் நேராகக் கழுத்துக்குப் போனது.

“இத்தனை சாவி எதுக்கு?”

“ஃப்ரீசர்களுக்கும்மா.”

“பூட்டி வைக்கத்தான் வாங்கறதா இருந்தா, என் கட்டி என்கிட்டயே இருக்கட்டும்.”

டாக்டர் சங்கடப்பட்டார். அவர் கஞ்சர் அல்ல. முன்பொரு தடவை வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய ஐஸ் பெட்டி வழியில் எங்கோ கிடந்து உருகிப்போனது. அந்தத் திசுவைத் தந்தவர் அதற்குள் இறந்துபோயிருந்தார், இன்னொரு துண்டு கேட்க இனி வழியில்லை. அந்த மனுஷருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று நாள்கணக்கில் புலம்பியவர், அதற்கப்புறம்தான் பூட்டு வாங்க ஆரம்பித்தார். இதையெல்லாம் ஒளிக்காமல் நாத்தனாரிடம் சொன்னார்.

நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் தணிந்தது. “துண்டுத் துணி என் கடையில நிறைய மிஞ்சும் டாக்டர். தனித்தனியா வச்சா ஒரு பொம்மைக்குச் சட்டைகூட வராது. ஒருத்தர் வீட்ல ஒரு துண்டு, இன்னொருத்தர் வீட்ல ஒரு துண்டுன்னு பூட்டி வச்சிருந்தா எனக்கு எப்படி மருந்து வரும்? யார் கேட்டாலும் குடுப்பேன்னு சொல்லுங்க. நான் தர்றேன்.”

“செல் உயிரோட வளர்ந்துட்டா குடுக்கக் குடுக்கக் குறையாதும்மா. கேக்கிற எல்லாருக்கும் குடுக்கறேன்” என்றார் அவர். கைகூட நீட்டினார். நாத்தனார் அதைப் பிடித்துக் குலுக்கியது தையல்காரியின் பிடி. டாக்டர் விரலை நீவிக்கொண்டே இறங்கிப் போனதாகக் கேள்வி.

மறுநாள் மிச்சக்காரி, தன் வேலையில் முதல் தடவையாக, காத்திருக்கும் கூடத்தின் பெஞ்சில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ தடவை இந்தக் கூடத்தை, மிஞ்சிய திசுவைக் கீழே கொண்டுபோகும் பெட்டியோடு கடந்து ஓடியிருக்கிறாள், இந்த பெஞ்ச் இவ்வளவு கடினமானது என்று தெரியாது. கட்டி சிறியதாயிருந்தால் எல்லாமே பரிசோதனைக்குப் போய்விடும், மிச்சம் என்று ஒன்று இருக்காது. அதைக் குறை சொல்லவும் கூடாது. வீட்டுக்காரர் பெஞ்சின் விளிம்பை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கூடத்தின் கோடியில் இரட்டைக் கதவு திறந்தது. புதுசு பெட்டியோடு வந்தாள். இவர்களைப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. மிச்சக்காரி பெட்டியை மட்டும் பார்த்தாள். காலிப் பெட்டி என்றால் புதுசு ஒரு கையில் தொங்கவிட்டு வீசி நடப்பாள். இப்போது இரண்டு கையாலும் ஏந்தி, தண்ணீர் ததும்பும் பாத்திரம்போல, வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

“இருக்குங்க!” என்று வீட்டுக்காரரின் தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அவர் அலறிய அலறலில் கூடமே திரும்பிப் பார்த்தது.

சற்று நேரத்தில் சர்ஜனும் வந்து, கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, ஓரமெல்லாம் சுத்தம் என்றார். வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நாத்தனார் தேறி, கடைக்குத் திரும்பி, உட்கார்ந்து தைக்க ஆரம்பித்த பிறகும் குடுவையிலிருந்து சேதி இல்லை. தட்டுப்பட்டால் சொல்கிறேன் என்பார் பூட்டு டாக்டர், முகம் கொடுத்துப் பேச மாட்டார். உயிர் பிழைக்கிற செல்கள் குடுவையின் அடியில் ஒட்டிக்கொள்ளும், சாகிறவை மிதக்கும். முதலில் எல்லாமே மிதந்தன. பிறகு ஒரு காலையில், நாத்தனார் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கையில், மிச்சக்காரி மூச்சு வாங்க ஓடிவந்து கடை வாசலில் நின்றாள்.

“அண்ணி! ஒட்டிக்கிச்சு!”

“என்ன ஒட்டிக்கிச்சு?”

“உங்க செல்லு! மத்தவங்களோடது எல்லாம் வாடிடுச்சே, உங்களோடது குடுவையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. ஒண்ணு ரெண்டாகுது, ரெண்டு நாலாகுது!”

நாத்தனார் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “என்னோடதுன்னா அப்படித்தான் இருக்கும். நான் விட்டாலும் அது விடாது.”

பூட்டு டாக்டர் வாக்குத் தவறவில்லை. செல்கள் பெருகப் பெருகக் குப்பிகளில் அடைத்தார். முதல் பெட்டியை யாரையும் நம்பி அனுப்பாமல், கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இவர் பூட்டைத் திறந்தது தெரிந்ததும் மற்றவர்களுக்கும் கொடுக்கக் கை வந்தது. ஓர் ஊரிலிருந்து உறைந்த துண்டுகள் வந்தன, இன்னோர் ஊரிலிருந்து நோயாளிகளின் படங்கள் வந்தன. குப்பிகள் போகாத திசை இல்லை. எந்தக் குப்பியிலும் தன் பெயர் இல்லை, ஓர் எண்தான் இருக்கிறது என்று கேட்டபோது மட்டும் நாத்தனாருக்குக் கோபம் வந்தது. “சட்டைக்குள்ளயே கடை பேர் வச்சுத் தைக்கிறேன். என் செல்லுக்கு என் பேர் கிடையாதா?” என்றார். ரகசியம் காக்கத்தான் என்று விளக்கியும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

தூரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், இருக்கிற மருந்துகளை எல்லாம் ஒவ்வொன்றாக அந்தச் செல்கள்மீது போட்டுப் பார்த்தார்கள். எது போட்டாலும் நாத்தனாரின் செல்கள் முடியாது என்றன. அவர்களும் விடவில்லை. வேறேதோ நோய்க்குக் கொடுக்கிற ஒரு பழைய மாத்திரையிடம் மட்டும் அவை சுருண்டுவிட்டன. இன்னொரு கூடத்தில் பார்த்தார்கள், அங்கேயும் சுருண்டன. முறைப்படி அனுமதி வாங்கி, பல ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எங்கோ ஓர் ஊரில் ஒரு இளம் தாய்க்கு நுரையீரல் கட்டி பாதியாகச் சுருங்கியது என்று சேதி வந்த அன்று, தேநீர் அட்டையின் கீழே திசு வங்கி முழுக்க நின்று தேநீர் குடித்துக் கொண்டாடியது. பூட்டு டாக்டர் உள்ளேயே குடித்தார்.

சர்ஜன் பயந்தது அதற்கப்புறம்தான் நடந்தது. நாத்தனாரின் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன.

மிச்சக்காரி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினாள். ஆனால் சர்ஜன் இந்தத் தடவை வேறு குரலில் பேசினார். “முன்னாடி உங்ககிட்ட மருந்து இல்லன்னு சொன்னேன். இப்ப ஒண்ணு இருக்கு. நீங்களே எங்களுக்குக் கண்டுபிடிச்சுக் குடுத்தது.”

நாத்தனார் மாத்திரையை விழுங்கினார். வாய் கசந்தது, கால் எரிந்தது. அலுத்துக்கொண்டே விழுங்கினார். அடுத்த படத்தில் புள்ளிகள் மங்கியிருந்தன. அதற்கடுத்த படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு சர்ஜன் ஒதுங்கி நின்றுகொண்டார். ஒரு தழும்பைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் அக்காவின் தோளில் முகம் வைத்துக்கொண்டு விசும்பினார். மிச்சக்காரிக்கு மூன்றாவது மாடி முழுக்க ஓடி ஒவ்வொரு கட்டிலிலும் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

“தந்தாலும் உங்களுக்கு ஒரு பலனும் இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவியாமே” என்றார் நாத்தனார், வெளியே வரும்போது. “பெரிய பொய்க்காரி.”

“நாளைக்கும் அதைத்தான் சொல்லுவேன். எல்லாருக்கும் அது உண்மைதான். உங்ககிட்ட மட்டும்தான் பொய்யாப் போச்சு. நீங்க எதுலதான் சொன்ன பேச்சுக் கேட்டிருக்கீங்க?”

அந்த வாரமே ஒரு மாலை, வேலை முடிந்ததும் மிச்சக்காரி வீட்டுக்குப் போகாமல் தையல் கடைக்குப் போனாள். கையில் முக்காலி. நாத்தனார் வாயில் குண்டூசிகளோடு ஒரு பாவாடையின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். இவள் முக்காலியை விரித்து, அவர் முகத்துக்குக் கீழே தன் முகம் வருகிற மாதிரி உட்கார்ந்தாள். நாத்தனாரின் கை நின்றது.

“அண்ணி, அத்தையோட மெஷினை அன்னைக்கு உங்களைக் கேக்காமப் போட்டுட்டேன். கேட்டிருக்கணும். தப்பு என்னோடது.”

நாத்தனார் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார்.

“இப்ப ஒண்ணு கேக்க வந்திருக்கேன். அந்த மூலையில துணி போட்டு மூடியிருக்கே, உங்க பழைய மெஷின், அதை எனக்குத் தருவீங்களா?”

நாத்தனார் மூலையைப் பார்த்தார். மிச்சக்காரியைப் பார்த்தார். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். மருந்தால் குணமான நுரையீரல் நிறையக் காற்று.

“முடியாது!”

தெருவில் போன சைக்கிள்காரர் பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். நாத்தனாரின் முகம் அப்படி மலர்ந்து இவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

“சரிங்க அண்ணி” என்றாள் மிச்சக்காரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “முடியாதுன்னு சொன்னதால உங்களுக்கு எந்தக் குறையும் வராது.”

முக்காலியை மடக்க எழுந்தாள்.

“உக்காருடி. இன்னொரு தடவை கேளு.”

“ஒரு தடவைக்கு மேல கேக்கக் கூடாது. விதி.”

“விதியெல்லாம் உன் ஆஸ்பத்திரியில. இது என் கடை. கேளு.”

மிச்சக்காரி முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கேட்டாள்.